குடைக்காரர் பேசப்போகிறார்

"தோணித்துறை" விளையாட்டின் இரண்டாம் பாகம் வரப்போகிறது என்று அறிவித்த அன்று பஞ்சவர்ணம் இட்லி மாவுக்கு உப்புப் போட மறந்துவிட்டாள். சைகோனின் ஏழாம் வட்டாரத்து அடுக்குமாடிகளில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் அவளிடம்தான் மாவு வாங்கின. மறுநாள் எல்லா வீட்டிலிருந்தும் புகார் வந்தது. அவள் எல்லோருக்கும் ஒரே பதிலை அனுப்பினாள்: "மன்னிச்சுக்குங்க. குடைக்காரர் பேசப்போறாரு."

யாருக்கும் புரியவில்லை. இட்லி சாப்பிடுகிற கூட்டத்துக்கும் தோணித்துறை விளையாடுகிற கூட்டத்துக்கும் சைகோனில் சம்பந்தம் கிடையாது. இரண்டிலும் இருந்தவள் பஞ்சவர்ணம் ஒருத்திதான்.

அவள் ஊர் தேவகோட்டை. கணவர் இராமநாதன் மிளகும் முந்திரியும் ஏற்றுமதி செய்கிற ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்தார். மாதத்தில் பாதி நாள் மிளகுத் தோட்டங்களுக்குப் போய்விடுவார். கல்யாணமாகி சைகோனுக்கு வந்த புதிதில் பஞ்சவர்ணத்துக்குப் பேச ஆளில்லை, பாஷையும் தெரியவில்லை. வீட்டுக் கணினியில் முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போன ஒரு விளையாட்டு இருந்தது. அதுதான் தோணித்துறை.

சைகோனின் சோலோன் பகுதியில் ஒரு தகரப்பட்டறைக்கு மேல்மாடியில் இருந்த மூன்று பையன்கள் செய்த விளையாட்டு அது. தூ என்கிற படகுக்காரி ஆற்றின் இக்கரையிலிருந்து அக்கரைக்கு ஆட்களை ஏற்றிப்போவாள். இரண்டே பொத்தான்கள். ஒன்று இடத்துடுப்பு, மற்றொன்று வலத்துடுப்பு. மெதுவாகத் துடுப்புப் போட்டால் பயணிகள் தங்கள் கதையைச் சொல்லத் தொடங்குவார்கள். வேகமாகப் போட்டால் வாயை மூடிக்கொள்வார்கள். வெற்றி, தோல்வி, புள்ளி எதுவும் இல்லை. பஞ்சவர்ணம் வாத்துக்காரியிடமும் அலமாரியைத் தோணியில் ஏற்றி வருகிறவனிடமும் வியட்நாமிய பாஷையைக் கற்றுக்கொண்டாள். அதனால் இன்றும் சந்தையில் காய் வாங்கி முடித்ததும், "கரை வந்துவிட்டது, இறங்குகிறேன்" என்று சொல்லித்தான் விடைபெறுவாள். காய்க்காரிகள் பழகிக்கொண்டார்கள்.

அந்தத் தோணியில் ஒரே ஒரு பயணி மட்டும் பேசமாட்டார். மழை நாளில் குடையோடு ஏறுகிறவர். எவ்வளவு மெதுவாகப் போனாலும் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இறங்கிப் போய்விடுவார். பதினொரு வருஷமாக ரசிகர்கள் அவருக்காக மெதுவாகத் துடுப்புப் போட்டார்கள். தேனிலவுக்குக் கிளம்பிய ஒருவன் நடு ஆற்றில் தோணியை அப்படியே விட்டுவிட்டுப் போனான். திரும்பி வந்தபோதும் குடைக்காரர் பேசாமல்தான் உட்கார்ந்திருந்தார். அவர் ஊமை என்று ஒரு கட்சி, அவர் துக்கத்தில் இருக்கிறார் என்று ஒரு கட்சி. இரு கட்சிக்கும் நடுவே பெண் கொடுத்துப் பெண் எடுப்பதுகூட நின்றுபோயிருந்தது.

இப்போது வந்த அறிவிப்பில் இருட்டு, மழைச்சத்தம், விரிகிற ஒரு குடை. அதன் கீழே ஒரு வரி: "அவர் பேசுவார்."

பஞ்சவர்ணம் முதலில் கூப்பிட்டது தெரேஸை.

தெரேஸ் சைகோனிலேயே பிறந்தவள். தகப்பனார் பிரெஞ்சுக்காரர் காலத்தில் காரைக்காலிலிருந்து குமாஸ்தாவாக வந்தவர். யுத்தம் முடிந்து ஊரே கப்பலும் விமானமும் ஏறிப்போன காலத்திலும் போகாமல் தங்கிவிட்ட குடும்பம். இப்போது ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பில் இருந்தாள். தோணித்துறை ரசிகர் மன்றத்துக்கு அவள்தான் தலைவி. மன்றத்தின் இணையப் பக்கத்தில், வாத்துக்காரி தண்ணீரில் விழுகிற கட்டத்தைப் பற்றி, யாரோ ஆங்கில எழுத்தில் "ஐயையோ மாதாவே" என்று எழுதியிருந்ததைப் பார்த்துத்தான் பஞ்சவர்ணம் அவளைக் கண்டுபிடித்தாள். ஒன்பது வருஷச் சிநேகம்.

"பாத்தியா பஞ்சா? மோ தியூ, கடவுளே, எனக்கு வேலையே ஓடலை. பல்லு புடுங்க வந்தவரை நாளைக்கு வாங்கன்னு அனுப்பிட்டேன்."

"என்ன சொல்லுவாருக்கா?"

"எதைச் சொன்னாலும் சரி. சத்தம் கேட்டாப் போதும்."

அந்த வாரம் மன்றத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் புதிதாகச் சேர்ந்தார்கள். ஒருவன் முதுகில் குடையைப் பச்சை குத்திக்கொண்டான். பெரிய ஊமைக்கட்சிக்காரர் ஒருவர், எதிர்க்கட்சிக்காரரின் வீட்டுக்குப் பழக்கூடையோடு போய்ச் சமாதானம் பேசினார்.

அந்த மூன்று பையன்களின் மாடியறையை எப்போதோ ஒரு பெரிய நிறுவனம் வாங்கியிருந்தது. அந்த நிறுவனம் இப்போது ஒரு "ரசிகர் ஆலோசனைப் பேரவை" அமைத்தது. ரசிகர்களைக் கேட்காமல் ஒரு துடுப்பைக்கூட மாற்றமாட்டோம் என்றது. பேரவைக்குத் தெரேஸைத்தான் கூப்பிடுவார்கள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அழைப்பு பஞ்சவர்ணத்துக்கு வந்தது. நேரில் பேசியவர் ரசிகர் மகிழ்ச்சித் துறை இயக்குநர் குவோக். அவள் தயங்கியபோது காரணத்தை ஒளிக்காமல் சொன்னார்.

"தெரேஸ் அம்மையாருக்கு விளையாட்டைப் பற்றி எல்லாம் தெரியும். அப்படிப்பட்டவர்களோடு ஆலோசிக்க நேரம் அதிகம் பிடிக்கும். நீங்கள் வெளிநாட்டவர். படத்தில் நன்றாக இருக்கும். வரும்போது புடவையில் வர முடியுமா, சி?"

சி என்றால் அக்கா. அவ்வளவு மரியாதையாகக் கூப்பிட்ட பிறகு பஞ்சவர்ணத்துக்கு மறுக்கத் தோன்றவில்லை.

தெரேஸின் முகம் ஒரு கணம்தான் வாடியது. பிறகு பஞ்சவர்ணத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ போனா என்ன, நான் போனா என்ன? மூணே விஷயம்தான். தோணி மெதுவாப் போகணும். காசு கேக்கக்கூடாது. பழைய விளையாட்டுல கை வைக்கக்கூடாது. உள்ள என்ன நடந்தாலும் எனக்குச் சொல்லிடு. நான் மத்தவங்களுக்குச் சொல்லிக்கிறேன்."

"உங்ககிட்டச் சொல்லாம யாருகிட்டக்கா சொல்லப்போறேன்?"

முதல் கூட்டம் ரசிகர்களுக்கு மரியாதை செலுத்துவதற்காக ஒரு நிமிட மௌனத்தோடு தொடங்கியது. ரசிகர்களும் எழுந்து நின்று தங்களுக்கு மரியாதை செலுத்திக்கொண்டார்கள். கூடத்தின் மூலையில் படகுக்காரி தூவின் ஆளுயர அட்டைப் பொம்மை இருந்தது. ஒவ்வொருவரும் அதன் துடுப்பில் கைவைத்து உறுதிமொழி சொல்ல வேண்டும்: "இங்கே கேட்டதை வெளியே சொல்லமாட்டேன். வெளியே கேட்டதை இங்கே சொல்லமாட்டேன்."

பஞ்சவர்ணத்துக்கு இரண்டாவது வாக்கியம் உறுத்தியது. "வெளியே கேட்டதைச் சொல்லத்தானே எங்களைக் கூப்பிட்டீர்கள்?" என்றாள்.

"அருமையான கேள்வி" என்றார் குவோக். எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டல் ஓய்ந்தபோது அவள் துடுப்பில் கைவைத்திருந்தாள்.

மேடையில் ஒல்லியாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஹியென். மூன்று பையன்களில் நிறுவனத்தோடு தங்கிவிட்டவர். இப்போது நாற்பது வயது. அவருடைய பதவியின் பெயர் "விளையாட்டின் ஆன்மா." ஒப்பந்தப்படி ஆன்மா பொது இடங்களில் பேசக்கூடாது.

இரண்டாவது கூட்டத்தில் ஆலோசனை தொடங்கியது. குவோக் எழுந்தார். "பெரியோர்களே, ஒரு கேள்வி. ஆற்றைக் கடக்கும் கட்டணத்தை ரசிகர்கள் முத்தாகச் செலுத்த விரும்புகிறார்களா, வைரமாகவா?"

"முத்து எங்கேயிருந்து கிடைக்கும்?" என்று பஞ்சவர்ணம் கேட்டாள்.

"எங்கள் கடையிலிருந்து."

"ரெண்டும் வேண்டாம்."

"அந்தக் கருத்தை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் 'வேண்டாம்' இன்றைய வாக்கெடுப்பில் இல்லை. அடுத்த கூட்டத்தில் வரும்."

அடுத்த கூட்டத்தில் அவர் வருத்தத்தோடு தெரிவித்தார்: "சென்ற வாக்கெடுப்பில் 'வேண்டாம்' ஒரு வாக்குகூடப் பெறவில்லை. எனவே அதை நீக்கிவிட்டோம். கை தூக்காதவர்கள் இரண்டையும் விரும்புவதாக எடுத்துக்கொள்வோம்."

பஞ்சவர்ணம் இரண்டும் வந்துவிடுமே என்று பயந்து முத்துக்குக் கை தூக்கினாள். புகைப்படக்காரர் சொன்னபடி இன்னும் கொஞ்சம் உயர்த்தினாள்.

பிறகு தோணியின் வேகம். "ரசிகர்கள் பழைய விளையாட்டில் நீண்ட நேரம் இருக்கிறார்கள். ஆனால் எதுவும் வாங்குவதில்லை. இது அவர்களுக்கு ஆழ்ந்த மனவேதனை தருவதாக எங்கள் ஆய்வு சொல்கிறது" என்றார் குவோக்.

"எந்த ரசிகரைக் கேட்டீர்கள்?"

"சி, ரசிகரைக் கேட்டால் அதற்குப் பெயர் ஆய்வு அல்ல, புகார்."

அவள் மேடையைப் பார்த்துத் திரும்பினாள். "ஹியென், நீங்க சொல்லுங்க. மெதுவாப் போனாத்தானே அவங்க பேசுவாங்க? அதுதானே விளையாட்டு?"

ஹியென் அவளைப் பார்த்தார். வாய் லேசாகத் திறந்தது. குவோக்கைப் பார்த்தார். வாய் மூடியது.

"ஆன்மா ஆமோதிக்கிறது" என்றார் குவோக். தோணிக்கு மோட்டார் வைக்கும் தீர்மானம் நிறைவேறியது.

கடைசிக் கூட்டத்தில் மட்டும் அவளுக்கு மனம் நிறைந்த ஒரு கேள்வி வந்தது. "பழைய தோணித்துறையும் புதிய தோணித்துறையும் ஒரே இடத்தில் இருக்க வேண்டுமா?" பழசைத் தூக்கிப்போட மாட்டார்கள் என்று அவள் புரிந்துகொண்டாள். மூன்றில் ஒன்றையாவது காப்பாற்றிவிட்டோம் என்ற மகிழ்ச்சியில் இரண்டு கைகளையும் தூக்கினாள். புகைப்படக்காரர் நாற்காலி மேல் ஏறிப் படமெடுத்தார்.

நாலு மாதமாக ஒவ்வொரு கூட்டம் முடிந்ததும் தெரேஸ் கூப்பிட்டாள்.

"என்னடி ஆச்சு?"

துடுப்பில் கைவைத்துச் சொன்ன உறுதிமொழி தடுத்தது. அதோடு, சொன்னால் தெரேஸின் மனம் எப்படி உடையும் என்பதும் அவளுக்குத் தெரிந்தது. கடைசிக் கூட்டத்தில் சரிபண்ணிவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

"நல்லாத்தான்க்கா போகுது."

"தோணி?"

"தோணி... தோணி இருக்குக்கா."

தெரேஸ் அதை நம்பினாள். மன்றத்தில் சந்தேகப்பட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில் எழுதினாள்: நம்முடைய ஆள் உள்ளே இருக்கிறாள்.

வெளியீட்டு விழா ஒரு பெரிய கண்காட்சி அரங்கத்தில் நடந்தது. வெளியே வெயில் கொளுத்தியது. உள்ளே எல்லோர் கையிலும் குடை. கேன் தோ என்கிற ஊரிலிருந்து ஒரு கிழவர் பேருந்தில் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஊமைக்கட்சியில் பெரிய பெயர். தெரேஸ் மன்றத்துக்காரர்களோடு நடுவில் இருந்தாள். பஞ்சவர்ணத்துக்கு மேடையோரம் இடம். புடவையில்.

விளக்குகள் அணைந்தன. திரையில் மழை பெய்தது. ஆறு தெரிந்தது. சிலர் அப்போதே அழத் தொடங்கிவிட்டார்கள். குடைக்காரர் துறைக்கு நடந்து வந்து தோணியில் ஏறினார். தூ கயிறு பிடித்து இழுத்தாள். மோட்டார் உறுமியது. கரையோரத்து வாத்துக்காரி கை காட்டியது தெரிந்தது, போய்விட்டது. குடைக்காரர் மெதுவாகக் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

"முத்து தீர்ந்துவிட்டதா?" என்றார் குடைக்காரர். "கவலை வேண்டாம். இந்த வாரம் மட்டும் ஐந்து வாங்கினால் ஒன்று இலவசம்."

கேன் தோக் கிழவர் தன் குடையை மடக்கி, பட்டையைச் சுற்றி, பொத்தானைப் போட்டார். அரங்கத்தில் அந்தச் சத்தம் மட்டும் கேட்டது.

குவோக் மேடையேறினார். "இதில் ஒரு முடிவுகூட எங்களுடையது அல்ல. அந்தத் துணிச்சல் எங்களுக்குக் கிடையாது. எல்லாம் நீங்கள் கேட்டது. உங்கள் பிரதிநிதி கேட்டது." திரையில் பஞ்சவர்ணம் ஒரு கையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். முத்து. பிறகு இரண்டு கைகளையும் தூக்கி, வாயெல்லாம் பல்லாக வந்தாள். "பழையதையும் புதியதையும் ஒரே இடத்தில் வைக்கச் சொன்னார். ஆகவே இந்த நிமிடம் உங்கள் கணினியிலும் கைபேசியிலும் உள்ள பழைய தோணித்துறை தானாகவே புதியதாக மாறுகிறது. வாழ்த்துகள்!"

ஆயிரம் கைபேசிகளில் மோட்டார் உறுமியது.

பஞ்சவர்ணம் கூட்டத்தை ஏறிட்டுப் பார்த்தாள். அத்தனை முகங்களும் அவள் பக்கம் திரும்பியிருந்தன. தெரேஸ் மட்டும் திரையில் இருந்த பஞ்சவர்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

மோட்டார்சைக்கிள்கள் நிறுத்தும் இடத்தில்தான் பஞ்சவர்ணத்தால் அவளை எட்டிப்பிடிக்க முடிந்தது.

"அக்கா, நான் அப்படிச் சொல்லலக்கா. ரெண்டும் இருக்கட்டும்னுதான் கை தூக்கினேன். சத்தியமா ஏமாத்திட்டாங்க."

"அவங்க ஏமாத்துவாங்க. அது அவங்க வேலை." தெரேஸ் தலைக்கவசத்தின் வாரை மாட்டிக்கொண்டிருந்தாள். கொக்கி விழவில்லை. "மோட்டார் எப்ப முடிவாச்சு?"

பஞ்சவர்ணம் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

"எப்பன்னு சொல்லுடி."

"மூணாவது கூட்டத்துல."

"அன்னைக்கு நான் கேட்டேனே. தோணி எப்படி இருக்குன்னு கேட்டேனே."

"சத்தியம் வாங்கிட்டாங்கக்கா. வெளிய சொல்லக்கூடாதுன்னு..."

"நான் வெளியவா?" என்று கேட்டாள் தெரேஸ். கொக்கி விழுந்தது. வண்டி கிளம்பிவிட்டது.

மன்றம் அன்றே பஞ்சவர்ணத்தை நீக்கியது. பிரிந்திருந்த இரு கட்சிகளும் அதில் ஒன்றாகக் கையெழுத்துப் போட்டன. அடுத்தபடியாக ரசிகர்கள் அவளுடைய மாவு வியாபாரப் பக்கத்தைக் கண்டுபிடித்தார்கள். இட்லியைக் கண்ணால் பார்த்திராத நூற்றுக்கணக்கானவர்கள் தீர்ப்பு எழுதினார்கள். "ஒரு நட்சத்திரம். இந்த மாவில் துரோகம் புளிக்கிறது." "மெதுவாகப் பொங்கவேண்டிய மாவை மோட்டார் வைத்துப் பொங்க வைக்கிறாள்."

இராமநாதன் தோட்டத்திலிருந்து வந்தபோது அவள் சமைக்காமல் உட்கார்ந்திருந்தாள். "ஒரு விளையாட்டுதானே, விடு" என்றார். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவே, "அந்தத் தெரேஸம்மாகிட்டப் போய்ப் பேசேன்" என்றார். "போனை எடுக்க மாட்டேங்கறாங்க" என்றாள்.

உண்மையை வெளியே சொல்லச் சொல்லி நிறுவனத்திடமே கேட்பது என்று முடிவு செய்தாள். குவோக் அவளை இரண்டு கையாலும் வரவேற்றார்.

"சி, நீங்கள் எங்களுக்குச் செய்தது பெரிய உதவி. நிறுவனத்தின் மேல் விழவேண்டிய திட்டு முழுவதும் உங்கள் மேல் விழுந்தது. எங்கள் மேலிடம் நெகிழ்ந்துபோயிருக்கிறது."

"நான் அதைக் கேக்கலைன்னு நீங்க சொல்லணும்."

"சொல்லலாம். ஆனால் அப்போது ரசிகர்களின் கோபம் அடங்கிவிடும். கோபம் எங்களுக்குக் கிடைத்த கொடை, சி. மகிழ்ச்சியான ரசிகர் விளையாடிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார். கோபக்கார ரசிகர் தினமும் வந்து பார்க்கிறார். பார்க்கும்போது ஒரு முத்தாவது வாங்கிவிடுகிறார். அதனால்தான் இன்று கோபக்கார ரசிகர் பேரவையைத் தொடங்குகிறோம். தலைவி வந்துவிட்டார்."

கண்ணாடிக் கதவின் வழியாகப் பஞ்சவர்ணம் பார்த்தாள். அட்டைப் பொம்மையின் துடுப்பில் கைவைத்து நின்றிருந்தவள் தெரேஸ். கழுத்தில் புது அட்டை தொங்கியது. பட்டில் ஆவ் ஸாய் என்கிற வியட்நாமிய நீள அங்கி உடுத்தியிருந்தாள். அவளையும் அப்படி வரச்சொல்லிக் கேட்டிருப்பார்கள்.

பஞ்சவர்ணம் வெளியே வந்து, எதிர்ச்சாரியில் இருந்த காப்பி வண்டிக்காரியின் முக்காலியில் உட்கார்ந்தாள். என்னை மன்றத்திலிருந்து நீக்கியவள் அதே பொம்மையைத் தொட்டுக் கும்பிடுகிறாளே என்று நினைக்கும்போது நெஞ்சு எரிந்தது. அந்த எரிச்சலோடு லேசாக ஒரு நிம்மதியும் வந்தது. எல்லோரும் இப்படித்தான். நாளைக்கு அவளும் இரண்டு கையைத் தூக்குவாள், அவளையும் திரையில் போடுவார்கள்.

காப்பி முடிவதற்குள் தெரேஸ் வாசலில் வந்து நின்றாள். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். பஞ்சவர்ணத்தைக் கண்டதும் நேராகத் தெருவைக் கடந்து வந்து பக்கத்து முக்காலியில் உட்கார்ந்தாள். "ஒரு காப்பி. பால், ஐஸ் போட்டு" என்று வண்டிக்காரியிடம் சொன்னாள். பிறகு கைபேசியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு மன்றத்துக்கு நேரலையாகப் பேசத் தொடங்கினாள்.

உள்ளே என்ன நடந்தது என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். மன்னிப்பு அறிவிப்பை நீல எழுத்தில் போடவா, பச்சையில் போடவா என்று வாக்கெடுப்பு நடந்ததைச் சொன்னாள். மன்னிப்பு எதற்காக என்பது வாக்கெடுப்பில் இல்லை என்றாள். முத்து விலை ஏறப்போகிறது என்றாள். வெளியே சொல்லமாட்டேன் என்று அட்டைப் பொம்மைமேல் சத்தியம் வாங்கினார்கள், நானும் செய்தேன் என்றாள். பஞ்சவர்ணத்திடமும் இப்படித்தான் 'வேண்டாம்' என்பதை எடுத்துவிட்டுக் கேட்டிருப்பார்கள் என்றாள். பேசி முடிப்பதற்குள் அவளைப் பேரவையிலிருந்து நீக்கிய செய்தி வந்துவிட்டது. காரணம், ரசிகர்களின் வேண்டுகோள். அதையும் படித்துக்காட்டிவிட்டுக் கைபேசியைப் பையில் போட்டாள்.

அதனால் பழைய தோணித்துறை திரும்பி வந்துவிடவில்லை. முத்து விலையும் சொன்ன நாளில் ஏறியது. ஆனால் மாவுப் பக்கத்தில் திட்டு எழுதியவர்கள் அன்று மாலையே ஒவ்வொருவராக அழிக்கத் தொடங்கினார்கள்.

கைபேசி பைக்குள் போனதும், "சத்தியம் பண்ணினீங்களேக்கா" என்றாள் பஞ்சவர்ணம்.

"பண்ணினேன்." தெரேஸ் ஐஸைக் கலக்கினாள். "இவ்வளவுதான் பஞ்சா. லிப்டுல இறங்கி, ரோட்டைத் தாண்டி, சொல்லி முடிச்சாச்சு. உனக்கு நாலு மாசம் இருந்துது."

பஞ்சவர்ணத்துக்கு அழுகை வந்தது. "உங்க மனசு ஒடைஞ்சுடும்னு நெனச்சேன்க்கா."

"ஒடைஞ்சிருக்கும். ரெண்டு பேரும் சேந்து அழுதிருப்போம். தோணி போனது போகட்டும், நீ இருந்திருப்ப."

காப்பியில் பாதியைக் குடித்துவிட்டு எழுந்தாள். ஆவ் ஸாயின் தொங்கலை இடுப்பில் செருகிக்கொண்டு தன் மோட்டார்சைக்கிளை எடுத்தாள். பஞ்சவர்ணம் எழுந்து நின்றாள். தெரேஸ் திரும்பிப் பார்க்காமல் போக்குவரத்துக்குள் கலந்தாள்.

வண்டிக்காரி கண்ணாடித் தம்ளர்களை எடுக்க வந்தாள். "அந்தம்மா உங்களுக்குச் சிநேகிதியா?" என்று கேட்டாள்.

பஞ்சவர்ணம் இரண்டு காப்பிக்கும் பணத்தை நீட்டினாள்.

"அதை அவங்களைத்தான் கேக்கணும்" என்றாள்.